மூன்றாம் எண் தொட்டி

நுரைக்கு நாற்பது நொடிதான் ஆயுள்,
விளக்கின் சூட்டில்.
அதற்குள் டுவைட் ஃபோகஸ் பிடித்து,
காரிக் தன் முதல் வரியைச் சொல்லி,
ஒற்றைப் புருவத்தை உயர்த்திக் காட்ட வேண்டும்.
ஒன்பதாவது கோப்பையில்
பீருக்கு நுரை அடங்கிவிட்டது.
எங்களுக்குத்தான் தள்ளியது.

டுலூத் நகரம். ஏரி உறைந்த பிப்ரவரி.
தீயணைப்பு வண்டி நின்ற பழைய கூடத்தில்
இப்போது ஆறு எஃகுத் தொட்டிகள்.
எங்கள் இணையத் தொடருக்கு இது ஏழாம் அத்தியாயம்.
ஆறாவதை முன்னூற்றுப் பன்னிரண்டு முறை பார்த்திருக்கிறார்கள்;
அதில் நாற்பது முறை பார்த்தது டுவைட்டின் அம்மா.

கோப்பை குளிர்ந்து வியர்த்ததுபோல் தெரிய
கிளிசரின் கலந்த நீரை நான்தான் தெளிப்பேன்.
ஒலிப்பதிவு என் வேலை.
ஆனாலும் மூன்று பேர் குழுவில்
ஆளுக்கு ஐந்து கை.

ஐலி ரௌட்டியோ பேசுகிறவள் இல்லை.
"இந்த பீரின் கதை என்ன?" என்றான் காரிக்.
"பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர்."
"அதற்கும் அப்பால்?"
யோசித்தாள்.
"தண்ணீர் பில்."

இரண்டாம் நாள் காலை
மூன்றாம் எண் தொட்டியின் சின்னக் குழாயைத் திறந்து
ஒரு மிடறு வாயில் வைத்தாள்.
விழுங்கவில்லை.
இன்னொரு மிடறு.
கூடத்தில் பம்ப் மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

வால்வில் ஒரு ரப்பர் வளையம்,
ஒரு டாலர்கூடப் பெறாது,
அதன் மடிப்பில் எதுவோ குடியேறி
ஆயிரத்து இருநூறு லிட்டரையும் கெடுத்திருந்தது.
நொதிக்கச் சொன்னோம்,
அது புளித்துவிட்டது.
"தேறாது" என்றாள்.
தேறினால்தானே தேறல்.

காரிக்கின் கண்ணில் புது வெளிச்சம்.
"இதுதான் நம் அத்தியாயம்" என்றான் என் காதோரம்.
எனக்கும் அதே எண்ணம்தான், மறைப்பானேன்:
பொட்டுக் கண்ணீர் விழுந்தால் போதும்,
பார்வை ஆயிரம் தாண்டும்.

ஐலி கேமராவைப் பார்த்தாள்.
அணைக்கச் சொல்லவில்லை.
தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி
லென்ஸுக்கு மாட்டிவிட்டாள்,
பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு
காது மறைய இழுத்துவிடுவதுபோல.
பிறகு வடிகால் வால்வைத் திருகினாள்.

மைக்கை மறந்துவிட்டாள்.
நான் மறக்கவில்லை.
அணைக்கவும் இல்லை.

பதினோரு நிமிடம்.
முதலில் குழாய்க்குள் ஒரு செருமல்.
அப்புறம் கனமான, ஒரே சீரான இறக்கம்.
இடையில் ரப்பர் பூட்ஸ் நான்கு அடி போனது,
நான்கு அடி திரும்பி வந்தது.
ஏழாம் நிமிடத்தில் ஃபின்னிஷ் மொழியில் ஒற்றைச் சொல்;
அகராதியில் அதைத் தேட எனக்குக் கூச்சமாயிருந்தது.
முடிவில் தொட்டி காற்றை உறிஞ்சியது,
கோப்பையின் அடியில் எதுவும் இல்லை என்று
நம்பாத வாய்போல.

மூன்று இரவு அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.
நான்காம் நாள் கோப்பை அவளுக்கே அனுப்பிவைத்தேன்,
திருடியதை வாசலில் வைத்துவிட்டு
அழைப்பு மணியை அழுத்தியவன்போல.
இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது:
"ஏழாம் நிமிடத்தை வெட்டாதே."

படத்துக்கு என்ன செய்வது?
டுவைட்தான் கண்டுபிடித்தான்,
தொப்பிக்குள்ளும் கேமரா ஓடிக்கொண்டிருந்ததை.
பழுப்புக் கம்பளி இருட்டு,
பின்னல் கண்களின் வழியே
ஊசி ஊசியாய் எங்கள் விளக்குகள்.
அப்படியே போட்டோம்.
காரிக்கின் புருவம் இல்லாத ஒரே அத்தியாயம்.

ஆயிரமெல்லாம் தாண்டவில்லை.
டுவைட்டின் அம்மாகூட
ஒரே ஒருமுறைதான் பார்த்தாராம், நின்றபடியே.
பார்த்துவிட்டு ஃபோனில் கேட்டார்:
"அந்தப் பெண்ணுக்குத் தொப்பி திரும்பக் கிடைத்ததா?"

இல்லை.
கேமராப் பெட்டியில்தான் இருக்கிறது,
மால்ட் வாசத்தோடு.
ஏப்ரலில் ஏரி உடையும்போது
கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
மைக் இல்லாமல்.